கிறிஸ்தியானோ ஜூனியர் (1979–2004)

கிறிஸ்தியானோ செபாஸ்தியாவ் தெ லீமா ஜூனியர் (பிறப்பு: 5 ஜூன் 1979, மறைவு: 5 டிசம்பர் 2004) பிரேசில் தேசத்தில் பிறந்து, பாரத தேசத்தின் கால்பந்து அரங்குகளில் இரண்டு பருவங்களுக்கும் குறைவான காலமே ஆடி, அந்தச் சொற்பகாலத்திலேயே நாட்டின் தலைசிறந்த கோல் வேட்டையாளருள் ஒருவர் எனப் பிரசித்தி பெற்ற முன்னணி வீரர். கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் சங்கத்துக்கும் பின்னர் கோவாவின் டெம்போ சங்கத்துக்கும் ஆடிய இவர், பெங்களூர் ஸ்ரீ கண்டீரவ விளையாட்டரங்கில் நடைபெற்ற ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டத்தில், தம் அணிக்காக இரண்டாவது கோலை அடித்த அதே கணத்தில் எதிரணிக் கோல் காப்பாளரோடு மோதி வீழ்ந்து, தமது இருபத்தைந்தாம் வயதில் அகால மரணம் எய்தினார். இந்தியக் கால்பந்தின் சரித்திரத்தில் மிகுந்த துயரத்தோடு நினைக்கப்படும் நிகழ்ச்சிகளுள் இது ஒன்று.

இந்திய வருகை

பிரேசில் நாட்டு ஆட்டத்தின்பால் இந்திய ரசிகர்களுக்குள்ள பக்தி நெடுங்காலத்தது. 1977-ஆம் ஆண்டில் பெலே, காஸ்மாஸ் அணியோடு கல்கத்தாவுக்கு வந்து ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் மோகன் பகானை எதிர்த்து ஆடி, ஆட்டம் 2–2 எனச் சமநிலையில் முடிந்த காட்சியை வங்காளத்து முதியோர் இன்றும் சிலாகித்துப் பேசுவர். தேசிய கால்பந்து லீக் 1996-இல் தொடங்கிய பின்னர், வெளிநாட்டு வீரர்களை அமர்த்திக்கொள்ளும் வழக்கம் பெரிய சங்கங்களிடையே வேரூன்றியது. 1999-இல் மோகன் பகானுக்கு வந்து சேர்ந்த ஹோஸே பாரெட்டோ, பிரேசில் வீரரொருவர் இந்நாட்டு ஜனங்களின் அன்பை எவ்வளவு ஆழமாகப் பெற இயலும் என்பதற்குச் சான்றானார். அவ்வழியே வந்தவர்தாம் கிறிஸ்தியானோ ஜூனியர்.

ஈஸ்ட் பெங்காலில்

2003-ஆம் ஆண்டு ஜூலையில் ஜகார்த்தாவில் தாய்லாந்தின் பெக் டேரோ சாசனா அணியை 3–1 என வென்று ஆசியான் சங்கக் கோப்பையைக் கைக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால், சுபாஷ் பௌமிக் என்னும் பயிற்சியாளரின் கீழ், தன் புகழின் உச்சியில் நின்ற வேளை அது. அத்தகைய அணியில் புதிதாகச் சேரும் வீரனுக்கு அந்தப் புகழே சுமையாகிவிடுவதும் உண்டு. ஆயினும் ஜூனியர் அச்சுமையை அனாயாசமாகத் தாங்கினார். 2003–04 தேசிய லீக்கில் பதினைந்து கோல்கள் அடித்து, அப்பருவத்தில் மிகுதியான கோல் அடித்தவர் என்ற சிறப்பை எய்தினார். ஈஸ்ட் பெங்கால் தொடர்ந்து இரண்டாம் முறையாக லீக் பட்டத்தை வென்றது. அப்பட்டத்துக்காகப் போட்டியிட்டு இரண்டாமிடத்தில் நின்ற அணி டெம்போ.

ஈஸ்ட் பெங்கால் சங்கத்துக்கும் பெங்களூருக்கும் பழைய பந்தம் ஒன்று உண்டென்பதை இவ்விடத்தில் குறிப்பது பொருந்தும். அச்சங்கத்தின் பொற்காலமெனக் கருதப்படும் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ‘பஞ்சபாண்டவர்’ என்று வங்காள ரசிகர்கள் பெயர் சூட்டிப் போற்றிய ஐந்து முன்னணி வீரர்களுள் அகமது கானும் கே. பி. தன்ராஜும் பெங்களூர் மண்ணில் ஆடி வளர்ந்தவர்கள். அவர்கள் அணிந்த சிவப்பும் பொன்னிறமும் கலந்த சட்டையைத்தான் அரை நூற்றாண்டுக்குப் பின் ஜூனியரும் அணிந்தார்.

டெம்போவில்

லீக் பட்டத்தைத் தவறவிட்ட டெம்போ, அடுத்த பருவத்துக்கென ஜூனியரைத் தன்பக்கம் அழைத்துக்கொண்டது. பனாஜியைத் தலைமையிடமாகக் கொண்ட அச்சங்கம், அர்மாண்டோ கொலாசோ என்னும் பயிற்சியாளரின் நெடுநாளைய பொறுமையான உழைப்பால் வலுப்பெற்று வந்த காலம் அது. குறும் பாஸ்களால் ஆட்டத்தைக் கட்டியெழுப்பும் கொலாசோவின் முறைக்கு, அந்தக் கட்டடத்தின் முடிவில் நின்று பந்தை வலைக்குள் சேர்க்கும் ஒருவர் தேவையாயிருந்தார். அந்தத் தேவை பூர்த்தியாயிற்று. பத்தாம் எண் சட்டை அவருக்கு அளிக்கப்பட்டது.

பெங்களூரின் கால்பந்து மரபு

ஜூனியரின் இறுதியாட்டம் நிகழ்ந்த நகரம், கால்பந்தைப் புதிதாக அறிந்த நகரமன்று. ஆங்கிலேயரின் ராணுவ கண்டோன்மெண்டைச் சூழ்ந்து வளர்ந்த ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன், கௌதமபுரம் முதலிய பேட்டைகளில், தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அங்கெல்லாம் மாலை வேளையில் பிள்ளைகள் வெறுங்காலோடு பந்தை உதைத்துப் பழகிய காலி நிலங்களே தேசிய வீரர்களை உருவாக்கிய பள்ளிக்கூடங்களாயின. 1937-இலும் 1938-இலும் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்று, ராணுவ அணிகளின் ஆதிக்கத்தை முறித்த முதல் இந்திய சிவிலியன் அணி என்ற கீர்த்தியைப் பெற்றது. மைசூர் ராஜ்யத்தின் அணி சந்தோஷ் கோப்பையை 1946–47-இல் முதன்முறையாகக் கைப்பற்றியது. 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், பிரான்ஸை எதிர்த்த ஆட்டத்தில், சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்துக் கோலை அடித்தவர் பெங்களூர் வீரர் சாரங்கபாணி ராமன். 1977-இல் ஃபெடரேஷன் கோப்பை தொடங்கியபோது, அதன் முதல் இறுதியாட்டத்தில் மோகன் பகானை வென்று கோப்பையைக் கொணர்ந்ததும் பெங்களூரின் ஐ.டி.ஐ. தொழிற்சாலை அணியே.

பிரேசில் என்ற பெயருக்கு இப்பேட்டைகளில் தனி மகிமை உண்டு. அல்சூரை அடுத்த கௌதமபுரத்தில், புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளுக்கு அருகே பெலேயின் சிலையையும் நிறுவியிருக்கின்றனர். உலகக் கோப்பை நடக்கும் நாட்களில் தெருக்களெங்கும் மஞ்சளும் பச்சையுமாகக் கொடிகள் கட்டப்படும். பிரேசில் வீரரொருவர் கண்டீரவத்தில் ஆட வருகிறார் என்றால், ஜீவனஹள்ளிக்கும் அல்சூருக்கும் அது தூரத்துச் செய்தியன்று. அவர்கள் அதனைத் தம் வீட்டு விசேஷமாகவே பாவித்தனர்.

2004 இறுதியாட்டம்

1997-இல் நடந்த தேசிய விளையாட்டு விழாவுக்கென எழுப்பப்பட்டு, கப்பன் பூங்காவுக்கு அருகே அமைந்துள்ள கண்டீரவ அரங்கில், 2004 டிசம்பர் 5-ஆம் நாள், டெம்போவும் மோகன் பகானும் இறுதியாட்டத்தில் எதிர்நின்றன. முதல் கோலை ஜூனியர் அடித்தார். ஆட்டம் முடிவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த இரண்டாம் பாதியில், தற்காப்பைக் கடந்து தனியே முன்னேறிய அவர், கோல் கம்பத்தை விட்டு வெளியே ஓடிவந்த மோகன் பகானின் காப்பாளர் சுப்ரதா பாலுக்கு அப்பால் பந்தைச் செலுத்தினார். பந்து வலையைச் சேர்ந்தது, இருவரும் மோதினர், ஜூனியர் வீழ்ந்தார். வெற்றியைக் கொண்டாட ஓடிவந்த தோழர்கள், அவர் எழாதிருப்பதைக் கண்டு, கொண்டாட்டத்தை விடுத்து, அவருக்கு மூச்சை மீட்டுக் கொடுக்கப் பரபரத்தனர். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர் உயிர் பிரிந்துவிட்டதாக மருத்துவர்கள் அறிவித்தனர்.

ஆட்டத்தை டெம்போ 2–0 என வென்றது. அச்சங்கத்தின் முதல் ஃபெடரேஷன் கோப்பை அதுவே. அதற்குரிய இரண்டு கோல்களும் அவருடையவையே.

விசாரணையும் வாதமும்

இதயத் துடிப்பு நின்றமையே மரணத்தின் காரணமெனப் பதிவாயிற்று. மைதானத்தில் அவசர மருத்துவ ஏற்பாடுகள் போதிய அளவில் இல்லை என்ற குறை நாடெங்கும் பத்திரிகைகளில் எழுப்பப்பட்டது. அகில இந்திய கால்பந்து சம்மேளனம் விசாரணை நடத்தி, அப்போது மிக இளையவராயிருந்த சுப்ரதா பாலுக்குத் தற்காலிகத் தடை விதித்தது. அவ்விளைஞர், அத்துயரத்தின் நிழலினின்று மீண்டு, 2011-இல் தோஹாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவின் காப்பாளராக வியக்கத்தக்க முறையில் ஆடி, 2016-இல் அர்ஜுனா விருதும் பெற்றார். ஆட்ட வேகத்தில் இரண்டு இளைஞர் ஒரே பந்தை நாடி ஓடியதன் விளைவை ஒருவர் தலையிலேயே முழுதும் ஏற்றிவிட்டு, அரங்கத்தின் ஏற்பாடுகளைக் குறித்த கேள்வியை மறந்துவிடுவது நியாயமாகாது.

வைத்திய நோக்கு

தேகபலம் மிக்க விளையாட்டு வீரர்கள் களத்தில் திடீரென மாள்வதற்கு இரண்டு வகையான காரணங்கள் முக்கியமாகக் கூறப்படுகின்றன. முதலாவது, வெளியே எவ்வித அறிகுறியும் காட்டாமல் மறைந்திருக்கும் இதய நோய்: 2003 ஜூன் 26-இல் பிரான்ஸின் லியோன் நகரில் ஆட்டத்தினிடையே வீழ்ந்த காமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோவுக்கு, இதயத் தசை மிதமிஞ்சித் தடித்திருந்தது கண்டறியப்பட்டது, 2004 ஜனவரி 25-இல் போர்ச்சுகலில் பென்ஃபிகாவின் மிக்லோஷ் ஃபெஹேர் தமது இருபத்து நான்காம் வயதில் அவ்வாறே களத்தில் சாய்ந்தார். இரண்டாவது, மார்பில் இதயத்துக்கு நேரே விழும் மழுங்கிய அடி: இதயத் துடிப்பின் ஒரு நுண்ணிய கணத்தில் அத்தகைய அடி விழுமாயின், ஆரோக்கியமான இதயமும் தன் ஒழுங்கை இழந்து வெறுமனே நடுங்கத் தொடங்கிவிடும்.

காரணம் யாதாயினும் முதல் பரிகாரம் ஒன்றே. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, மார்பை இடைவிடாது அழுத்துவதும், தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவியைத் தாமதமின்றிப் பிரயோகிப்பதுமே அது. மின்னதிர்ச்சி கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும், உயிர் பிழைக்கும் வாய்ப்பு ஏழு முதல் பத்து சதவீதம் வரை குறைகிறது. 2012 மார்ச் 17-இல் லண்டனில் ஆட்டத்தினிடையே வீழ்ந்த கால்பந்து வீரர் ஃபாப்ரிஸ் முவாம்பா 78 நிமிடங்கள் இதயம் நின்றிருந்தும் பிழைத்ததும், 2021 ஜூன் 12-இல் கோபன்ஹேகனில் வீழ்ந்த கிறிஸ்டியன் எரிக்சன் பின்னர் மீண்டும் உலகக் கோப்பையில் ஆடியதும், களத்தின் ஓரத்தில் பயிற்சி பெற்ற கைகளும் தக்க கருவியும் ஆயத்தமாயிருந்ததன் பயன்.

மற்றொரு மரணம்

முவாம்பா வீழ்ந்த நான்காம் நாள், 2012 மார்ச் 21-இல், அதே பெங்களூரில், அசோக் நகர் கால்பந்து அரங்கில், மாவட்ட ‘ஏ’ டிவிஷன் ஆட்டத்தில் பெங்களூர் மார்ஸ் அணிக்காகத் தென்மேற்கு ரயில்வேயை எதிர்த்து ஆடிய டி. வெங்கடேஷ் என்னும் இருபத்தேழு வயது வீரர் களத்தில் சாய்ந்தார். ஆம்புலன்ஸ் இல்லாமையால், அவரை ஆட்டோ ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தனர், உயிர் மீளவில்லை. ஜூனியர் மறைந்து ஏழாண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தும், 2008-ஆம் ஆண்டிலேயே கர்நாடகத்தில் 108 என்னும் அவசர ஊர்தித் திட்டம் தொடங்கியிருந்தும், ஆட்டம் நடக்கும் இடத்தில் ஓர் ஊர்தி நிற்க வேண்டும் என்னும் எளிய ஏற்பாடு அன்று அமையவில்லை. பெரிய அரங்கில் வீழ்ந்த பிரேசில் வீரரின் பெயரை உலகம் அறியும். சிறிய அரங்கில் வீழ்ந்த வெங்கடேஷின் பெயரையும் அதே மரியாதையோடு இங்கே வைத்து எண்ணுவது கடமை.

நினைவு

டெம்போ சங்கம் ஜூனியர் அணிந்த பத்தாம் எண் சட்டையை வேறு எவருக்கும் அளிப்பதில்லை எனத் தீர்மானித்தது. அவர் மறைந்த அதே பருவத்தில், 2004–05 தேசிய லீக் பட்டத்தை அச்சங்கம் முதன்முறையாக வென்றது. அதன்பின் 2006–07, 2007–08, 2009–10, 2011–12 ஆகிய பருவங்களிலும் தேசிய சாம்பியன் பட்டம் அதற்கே உரியதாயிற்று. அந்த நீண்ட வெற்றி வரிசையின் வாயிலில் நிற்கும் கோப்பை, கண்டீரவத்தில் ஜூனியர் பெற்றுத் தந்ததாகும்.

மதிப்பீடு

இளமையில் மறைந்த கலைஞனையும் வீரனையும் குறித்து எழுதுவோர், அவன் எவ்வாறு மாண்டான் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லி, எவ்வாறு வாழ்ந்தான் என்பதை மறந்துவிடுவது வழக்கம். ஜூனியரின் விஷயத்திலும் அது நேர்ந்திருக்கிறது. அந்நியமான தட்பவெப்பம், அந்நியமான பாஷை, கல்கத்தா ரசிகர்களின் கடுமையான எதிர்பார்ப்பு ஆகிய மூன்றுக்கும் நடுவே, முதல் பருவத்திலேயே லீக்கின் முதன்மைக் கோலாளராக உயர்ந்ததும், இரண்டாம் பருவத்தின் தொடக்கத்திலேயே புதிய சங்கத்துக்கு அது அதுவரை காணாத கோப்பையை வென்றளித்ததும், எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் சாமானியமான சாதனைகளல்ல. அந்தச் சாதனைகளுக்காகவே அவர் பெயர் முதலில் நினைக்கப்பட வேண்டும்.

இரண்டாவதாக, அவர் பெயர் ஒரு கடமையையும் நினைவூட்டுகிறது. ஜீவனஹள்ளியிலும் அதைச் சுற்றிய பேட்டைகளிலும், பிற ஊர்களிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம் நடத்தும் சங்கத்தார், கோப்பைக்கும் கொடித் தோரணத்துக்கும் பணம் திரட்டுவதற்கு முன்னரே, மார்பை அழுத்தி உயிர் காக்கும் முறையைத் தம் இளைஞருள் நால்வருக்கேனும் கற்பித்து, அவசர ஊர்தி வந்து நிற்கவும் களத்தினுள் தடையின்றி நுழையவும் வழிசெய்த பின்னரே ஆட்டத்துக்கு விசில் ஊதச் செய்வார்களாக.