நீர்க்கட்டி எங்கே போனார்?

தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் என்று 39,000-க்கும் மேற்பட்ட பாசன நீர்நிலைகள் இருக்கின்றன. ஏரியின் வரலாற்றை எழுத வருகிறவருக்குச் செய்திப் பஞ்சம் கிடையாது. வெட்டிய மன்னன் யார், கரை எவ்வளவு நீளம், கலங்கல் எத்தனை, ஆயக்கட்டு எத்தனை ஏக்கர் என்பதெல்லாம் தேடினால் கிடைத்துவிடும். மதகை எப்போது திறப்பது, எந்தத் தாக்குக்கு முதல் தண்ணீர், ஐப்பசி அடைமழையில் கரை கசிந்தால் யாரை எழுப்புவது என்று அன்றாடம் பார்த்துக்கொண்ட ஆளைப் பற்றித்தான் ஒன்றும் எளிதில் கிடைக்காது. வட மாவட்டங்களில் அவர் நீர்க்கட்டி. தெற்கே போனால் நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன், நீராணிக்கன். இணையக் கலைக்களஞ்சியங்கள் ஒரு பொருளுக்குத் தனிப் பக்கம் தர வேண்டுமென்றால், அதைப் பற்றிப் பிறர் ஏற்கெனவே விரிவாக எழுதியிருக்க வேண்டும் என்கின்றன. விதி நியாயமானதுதான். ஆனால் அந்த விதியில் மன்னன் சுலபமாகத் தேறுகிறான், நீர்க்கட்டி நின்றுவிடுகிறார். அவரைப் பற்றிய சான்றுகள் அழிந்துவிட்டதால் இப்படி ஆகவில்லை. சான்றுகள் இருக்கின்றன. அவை அவரைப் பற்றிச் சொல்வதற்காக எழுதப்பட்டவை அல்ல, அவ்வளவே.

உத்தரமேரூரிலிருந்தே தொடங்கலாம். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளை, 919, 921 ஆண்டுகளுக்கு உரியவற்றை, நம் பள்ளிப் பாடநூல்கள் கொண்டாடுகின்றன. அவற்றில் ஏரி வாரியம் உண்டு, அதற்கு உறுப்பினர் 6 பேர். யார் உறுப்பினராகலாம் என்பதற்கு இரண்டாம் கல்வெட்டு அடுக்கும் தகுதிகளைப் பாருங்கள்: வரி செலுத்தும் கால்வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். இது நிலமுள்ள பிராமணர்களின் சபை. ஏரியின் வரவு செலவும் பராமரிப்புப் பொறுப்பும் இவர்களிடம் இருந்திருக்கலாம். இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தூம்பைத் திறந்தது இவர்கள்தாம் என்று யாரும் வாதிடப் போவதில்லை. அந்த ஆளுக்கு இந்த விதிகளில் இடமில்லை. ஏரிக்கென விடப்பட்ட ஏரிப்பட்டி நிலங்களைக் கல்வெட்டுகள் கவனமாகக் குறித்துவைத்தன, ஏனென்றால் கொடையைப் பாதுகாப்பதே கல்லில் வெட்டியதன் நோக்கம். கொடுத்தவர் பெயரும் காப்பவர் பெயரும் கல்லில் ஏறின.

எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகள் கழித்துக் கம்பெனிக் கணக்குகளில் இதே ஆள் தலைகாட்டுகிறார். 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற அதிகாரி செங்கல்பட்டுச் சீமையின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்த ஊர்களின் கணக்குச் சுவடிகளில், களத்தில் நெல் அளந்து பங்கு பிரிவதற்கு முன்பும் பின்பும் யார் யாருக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று விவரம் இருக்கிறது. கணக்கன், தலையாரி, வெட்டியான், தச்சன், கொல்லன், வண்ணான் என்று போகும் அந்த வரிசையில் ஏரிக்கும் நீர்ப் பணிக்கும் பங்கு உண்டு. 1812-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போன ஐந்தாம் அறிக்கை, தென்னாட்டுக் கிராமம் ஒன்றின் பணியாளர்களை அடுக்கும்போது ஏரிகளையும் வாய்க்கால்களையும் கவனித்து விவசாயத்துக்கு நீர் பங்கிடுபவரையும் சேர்த்திருக்கிறது. அதே வரிசையில் பஞ்சாங்கப் பிராமணரும் நாட்டியப் பெண்ணும் வருகிறார்கள். மேல்நாட்டு அறிஞர்கள் அந்தப் பத்தியைப் பிடித்துக்கொண்டு, இந்தியக் கிராமம் ஒரு குட்டிக் குடியரசு என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். நீர் பங்கிட்டவர் அந்த ஒற்றை வாக்கியத்தோடு நின்றுபோனார்.

அவருக்குத் தனிப் பக்கம் வேண்டும் என்றால் ஒரு மறுப்பு வரும். வண்ணானும் தச்சனும் தனித் தொழிலர்கள், நீர்க்கட்டி ஏரிப் பாசனத்தின் ஓர் உறுப்பு, ஏரி என்ற தலைப்பிலேயே அவரையும் இரண்டு வரி சொன்னால் போதாதா? போதாது. அவர் கையில் இருந்தது வெறும் மண்வெட்டி வேலை இல்லை. பழைய குமிழித் தூம்பையே எடுத்துக்கொள்வோம். கரையிலிருந்து தள்ளி, ஏரிக்குள்ளே இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றுக்கிடையே அடைப்பு. நீந்திப் போய் அதைத் தூக்கினால் மேல்துளையான நீரோடி வழியே தண்ணீர் இறங்கும், அடியிலுள்ள சேறோடி வண்டலை இழுத்துக்கொண்டு போகும். எவ்வளவு தூக்குவது என்பது கைப்பழக்கம். ஏரி நிரம்பியிருக்கும்வரை இதில் பெரிய சிக்கல் இல்லை. பாதிதான் நிரம்பிய ஆண்டில்தான் அவர் யார் என்பது தெரியும். மிச்ச நீர் எத்தனை நாள் தாங்கும், எந்தத் தாக்கு வரை நடவு செய்யலாம், முறை வைத்தால் ஒரு வயலுக்கு எத்தனை நாழிகை என்பதற்கெல்லாம் அவருடைய கண் மதிப்பே ஊர்க் கூட்டத்துக்கு ஆதாரம். தலைமடைக்காரன் இராத்திரியில் வாய்க்காலை வெட்டிவிடாமல் காவல் இருப்பதும், கரையில் நண்டு வளை எலி வளை பார்த்து அடைப்பதும் அவரே. ஏரி என்ற தலைப்புக்குள் இவை அடங்குமென்றால், மருத்துவமனை என்ற தலைப்புக்குள் மருத்துவரும் அடங்கிவிடுவார்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. நீர்க்கட்டியைப் போற்றுவது சாதி ஊழியத்தைப் போற்றுவது ஆகாதா என்பது கேள்வி. பெரும்பாலான ஊர்களில் இந்த வேலை தலைமுறை தலைமுறையாகப் பறையர் அல்லது பள்ளர் குடும்பங்கள்மீது விழுந்தது. நிலமற்றவர் என்பதால் எந்த வயலுக்கும் சார்பு காட்டமாட்டார், ஆகவே நடுநிலையாளர் என்று சில எழுத்துகள் இதற்குப் பொருத்தம் கற்பிக்கின்றன. அரை உண்மை அது. கூலி நெல்லுக்கு யாருடைய களத்தில் போய் நிற்க வேண்டுமோ, அவர்கள் வயலுக்கே முறைநீர் பங்கிடும் ஒருவரின் நடுநிலை எவ்வளவு தூரம் அவருடையது? சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்து 2003-இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் டேவிட் மோஸ், கண்மாய் நிர்வாகம் அதிகாரத்தாலும் சாதி மரியாதையாலும் கட்டப்பட்டது, ஊர் ஒற்றுமையின் சின்னமாக மட்டும் அதைப் பார்க்க முடியாது என்று காட்டியிருக்கிறார். பிற்காலத்தில் பல ஊர்களில் இளைஞர்கள் இந்த வேலையை உதறியதற்குக் கிணற்றுப் பம்புசெட் மட்டுமே காரணம் என்று சொல்வது சுலபமான விளக்கம். சுயமரியாதைக்கும் அதில் பங்குண்டு. இவையெல்லாம் சேர்ந்ததுதான் நீர்க்கட்டியின் வரலாறு. அவரை விட்டுவிட்டு எழுதினால் ஏரி நிர்வாகம் யாருக்கும் நோகாத அழகிய மரபாகத் தெரிவதில் வியப்பில்லை. சாதியை மறைக்க விரும்பாதவர்தான் இந்தப் பதிவை முதலில் கேட்க வேண்டும்.

ஆங்கில அரசு 1858-இல் கொண்டுவந்த கட்டாய உழைப்புச் சட்டத்தையும் இப்படித்தான் படிக்க வேண்டும். குடிமராமத்து என்ற வழக்கத்தைச் சட்டமாக்கி, வேலைக்கு வராதவரிடம் அந்த வேலையின் மதிப்பைப்போல இரு மடங்கு வசூலிக்க அது வழி செய்தது. அரசின் கவலை கரை உடைப்பு. கரை உடைந்தால் வரி போகும். நீர்ப் பங்கீடு தகராறாக முற்றினால்தான் அரசுக்குத் தெரியும். பிறகு ஏரிகள் பெரியவை, சிறியவை என்று பிரிந்து, 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு பொதுப்பணித் துறைக்கும் மற்றவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரையே வைத்து ஒரு திட்டம் தொடங்கியபோதும், அதில் கண்ணில் பட்ட வேலைகள் தூர்வாரல், கரை பலப்படுத்தல், மதகு சீரமைப்பு. மதகு சீரான பிறகு அதைத் திறக்கும் ஆள் யார், அவருக்குக் கூலி யார் தருவது என்பது பழையபடி ஊரின் பாடு.

எங்கே தேடுவது என்று கேட்பவருக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம் ஒரு தொடக்கம். 1860-களில் எழுதப்பட்ட இனாம் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. ஊர் வாரியாக, மானியம் பெற்றவர் பெயர், நிலத்தின் அளவு, எந்த ஊழியத்துக்கு என்ற விவரங்களை அவை தருகின்றன. கோயில் மானியத்துக்காக அவற்றைப் புரட்டியவர்கள் ஏராளம். ஊழிய மானியங்களுக்காகவும் அதே பக்கங்களைப் புரட்டினால், எந்த வட்டத்தில் நீர்ப் பணிக்கு நிலம் விட்டார்கள், எங்கே வெறும் நெல்லோடு நிறுத்திக்கொண்டார்கள் என்று வரைபடமே போடலாம்.