சொல்லை முறித்தவர்களும் விளக்கியவர்களும்

ஆங்கில அகராதிகள் பலவற்றில் தலைச்சொல்லின் நடுவே சிறு புள்ளிகளைக் காணலாம். மாணவர் அவற்றை உச்சரிப்புக் குறிகள் என்றே எண்ணுகின்றனர். உண்மையில் அவை, வரியின் இறுதியில் இடம் போதாதபோது சொல்லை எங்கே இணைப்புக்கோடு இட்டு முறிக்கலாம் என்று காட்டுபவை. இப்புள்ளிகளின் வரலாற்றிலும், அடுத்து வரும் பொருள் விளக்கத்தின் வரலாற்றிலும் பள்ளி ஆசிரியர்களுக்குப் பெரும் பங்குண்டு.

1604-இல் முதல் ஆங்கில அகராதியைத் தொகுத்த ராபர்ட் காட்ரி ஓர் ஆசிரியர். ஏறத்தாழ 2,500 அருஞ்சொற்கள். பெரும்பாலும் ஒரு சொல்லுக்கு நேரே எளிய சொல் ஒன்றோ இரண்டோ, அவ்வளவே. உயர்கல்வி வாய்க்காத பெண்டிரையும் மற்றோரையும் மனத்திற்கொண்டு அவர் எழுதினார்.

1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி சுமார் 42,000 சொற்களைக் கொண்ட பெருநூல். அதன் புலமை வியக்கத்தக்கது. ஆனால் 'நெட்வொர்க்' என்னும் எளிய சொல்லுக்கு அவர் தந்த விளக்கம் அருகிய இலத்தீன் சொற்களால் ஆனது. அவ்விளக்கத்துக்கே அகராதி தேவைப்படும். (ஜான்சனும் சில காலம் பள்ளி நடத்தியவர்தாம், அது நிலைக்கவில்லை.) தலைச்சொற்களில் அவர் அழுத்தக்குறி மட்டுமே இட்டார்; அசை பிரிக்கவில்லை.

அசை பிரிக்கும் முறையை மாற்றியவர் அமெரிக்க ஆசிரியர் நோவா வெப்ஸ்டர். அந்நாளில் அங்கு வழங்கிய டில்வொர்த்தின் பாடநூல் 'கிளஸ்டர்' என்பதை 'கிள-ஸ்டர்' என்று பிரித்தது. அவ்வாறு பிரித்தால், குழந்தை முதல் அசையைக் 'கிளூ' என்று நீட்டிப் படிக்க இடமுண்டு. 1783-இல் வந்த தமது எழுத்துக்கூட்டு நூலில் வெப்ஸ்டர் அதைக் 'கிளஸ்-டர்' என்று பிரித்தார். காதில் விழுவதுபோலவே கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை. இங்கிலாந்து மரபோ சொல்லின் அமைப்பை நோக்கியது. 'நாலெட்ஜ்' என்ற சொல்லில், 'அறி' எனப் பொருள்படும் வேர்ச்சொல் சிதையாதிருக்க 'எல்' எழுத்துக்கு முன்னே முறிப்பது ஆங்கிலேயர் வழக்கம். ஒலியைப் பின்பற்றி அதற்குப் பின்னே முறிப்பது அமெரிக்கர் வழக்கம். படிக்கத் தொடங்கும் சிறார்க்கு வெப்ஸ்டர் வழியே ஏற்றது என்பது என் துணிபு. தமிழில் இத்தொல்லை இல்லை. புள்ளியெழுத்து வரியின் தொடக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் போதும்.

பொருள் விளக்கத்தில் அத்தகைய மாற்றம் வர நெடுங்காலம் ஆயிற்று. வங்காளத்தில் ஆங்கிலக் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்போர் எங்கே இடறுகின்றனர் என்பதை நேரில் அறிந்தவர். 1935-இல் எண்டிகாட் என்பவருடன் இணைந்து அவர் வெளியிட்ட அகராதி, 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கியது. வரையறுத்த சொற்களுக்குள் நின்று எழுதுவது எளிதன்று. 'பசு' என்பதைப் பத்து எளிய சொற்களில் எழுதிப் பார்த்தால் விளங்கும்.

1978-இல் வந்த லாங்மன் அகராதி ஏறத்தாழ 2,000 சொற்களுடன் இதே முறையைப் பின்பற்றியது. அச்சொற்பட்டியலை நூலின் இறுதியில் அச்சிட்டது. பிள்ளைக்கு அகராதி வாங்கச் செல்லும் பெற்றோர், அட்டையில் உள்ள சொல் எண்ணிக்கையைப் பார்க்குமுன் அத்தகைய பட்டியல் உள்ளதா என்று கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கலாம்.