ஆண்பனை பெண்பனையாதல்: விதை, பால், உழைப்பு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

திருஞானசம்பந்தர் திருவோத்தூரிலே ஆண்பனைகளைப் பெண்பனைகளாக்கிய கதை சைவத் தமிழர் பலரும் அறிந்ததாகும். அடியார் ஒருவர் சிவனுக்கென வளர்த்த பனைகள் யாவும் ஆண்பனைகளாகிவிடுகின்றன. காய்க்காத அம்மரங்களைச் சுட்டிச் சமணர் எள்ளுகின்றனர். அடியார் முறையிடச் சம்பந்தர் பதிகம் பாடுகிறார். பனைகள் குலை தள்ளுகின்றன. 12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் இதனை விரித்துரைத்தார். சைவ சமணப் பூசலின் ஒரு கட்டமாகவே இக்கதை இதுவரை பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வாசிப்புத் தவறானதன்று; ஆனால் முழுமையானதுமன்று.

கதையின் அடித்தளத்திலே ஓர் உற்பத்திப் பிரச்சினை கிடக்கிறது. பனை, ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு மரங்களிற் பூக்கும் இனம். விதையைப் பார்த்தோ, வடலியைப் பார்த்தோ அதன் பாலை விவசாயி அறிதல் இயலாது. முதற்பாளை வெளிப்படும்வரை பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ காத்திருத்தல் வேண்டும். திருவோத்தூர் அடியாரின் துயரம் இக்காத்திருப்பின் முடிவில் வந்த ஏமாற்றமே. விதையிடும்போதே பெண்ணென்று உறுதிசெய்ய முடியாத சமுதாயம், அவ்வுறுதியை அற்புதத்திலே தேடிற்று எனலாம்.

ஆயின் ஆண்பனை உண்மையிற் பயனற்றதா? இவ்வினாவுக்கு விடை தேடும்போது, பயன் என்பது இயற்கையால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று என்பதும், எதனை உற்பத்தி செய்கிறோம், விளைவு யாருக்குச் சேர்கிறது என்பவற்றால் அது வரையறுக்கப்படுகிறது என்பதும் புலனாகின்றன. இக்கருத்தினை யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பனையிலிருந்து தொடங்கி, பாலறிதலே வாழ்வும் இழப்புமாக அமைந்த வேறொரு பயிரான கஞ்சாவின் வரலாற்றுடன் ஒப்புநோக்கி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

குடாநாட்டின் பொருள்வாழ்விற் பனை வகித்த இடத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. பனையின் 801 பயன்களைத் தாலவிலாசம் கூறுவதாக வழங்கும் செய்தி பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளது. இலங்கைப் பனை பற்றி வில்லியம் பெர்குசன் 1850இலேயே கொழும்பிலே தனிநூல் வெளியிட்டார். இத்தகைய பட்டியல்கள் பொருள்களை எண்ணுகின்றன. அவற்றை ஆக்கிய கைகளை எண்ணுவதில்லை.

பெண்பனை நுங்கும் பனம்பழமும் தரும். பழத்தின் களியிலிருந்து பனாட்டு; பாத்தியிலிட்ட கொட்டையிலிருந்து கிழங்கு; கிழங்கிலிருந்து ஒடியலும் புழுக்கொடியலும். வறிய குடும்பங்களை மழைக்காலப் பஞ்சத்தில் வாழவைத்த உணவு இதுவே. எனவே வளவுக்குரியவர் பெண்பனையைப் போற்றியதில் வியப்பில்லை. ஆனால் சீவல்தொழிலாளியின் கணக்கு வேறு. ஆண்பனையின் பாளையைச் சீவினாலும் கள் வரும். முட்டியிற் சுண்ணாம்பு தடவினாற் கருப்பநீர் வரும். கருப்பநீரைக் காய்ச்சினாற் பனங்கட்டியாகும். தளநாரும் பாளைக்கத்தியும் கொண்டு மரமேறுபவருக்கு மலட்டுப் பனை என ஒன்றில்லை. ஆண் பாளைக்கு ஒரு பக்குவம், பெண் பாளைக்கு வேறொரு பக்குவம்; தட்டும் முறையும் சீவும் முறையும் மாறும். அவ்வளவே.

இவ்விடத்தில் திருவோத்தூர்க் கதைக்கு மீள்வோமாயின், ஆண்பனையைப் பயனற்றதென்று கூறும் குரல் யாருடையது என்பது தெளிவாகும். அது மரத்தின் காயைக் கணக்கிடுபவரின் குரல். கதையில் எள்ளும் சமணரும் எள்ளப்படும் அடியாரும் இவ்விடயத்தில் ஒரே மதிப்பீட்டையே கொண்டுள்ளனர். மரமேறுபவர் அக்கதையில் இடம்பெறவேயில்லை.

வடமராட்சிக் கிராமமொன்றில் முதிய சீவல்தொழிலாளர் ஒருவரிடம், வடலியிலேயே பாலை அறிய வழியுண்டா என நாம் வினவினோம். "பாளை வந்தாத்தான் தம்பி தெரியும். வந்தாப் பிறகு எது எண்டாலென்ன, எனக்கு இரண்டும் மரம்தான்" என்றார். எமது இலக்கணம் அஃறிணைக்கு ஆண்பால் பெண்பால் வகுக்கவில்லை. ஒன்றன்பால், பலவின்பால் என்றே வகுத்தது. தொல்காப்பிய மரபியல் புறவயிரம், அகவயிரம் நோக்கிப் புல்லென்றும் மரமென்றும் பிரித்தது. பனையின் பாலை அறிந்து பெயரிட்டது இலக்கண நூலன்று. மரத்தோடு வாழ்ந்த மக்களின் வழக்காகும்.

ஆனால் அவ்வறிவுடையோர் எந்நிலையில் வைக்கப்பட்டனர் என்பதையும் கூறல் வேண்டும். சீவல்தொழில் பெரும்பாலும் நளவர், பள்ளர் எனும் ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் இருந்தது. பனை நின்ற வளவுகள் பெரும்பாலும் வேளாளருக்குரியன. மரத்தின் உச்சிக்கு ஏறலாம்; வீட்டின் திண்ணைக்கு ஏற இயலாது. அவர் இறக்கிய கள்ளைக் குடித்தவர் அவருக்குத் தேநீர்க்கடையிற் சமமான குவளை தர மறுத்தார். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் ஏட்டளவில் நின்றமையாலேயே 1966 ஒக்ரோபரிற் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலிற் போராட வேண்டியிருந்தது. 1972இல் தவறணைக் குத்தகை முறைக்கு மாற்றாகச் சீவல்தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகின. 1978இற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. தொழிலாளியின் அறிவுக்கும் அதன் விளைவுக்கும் இடையே நின்ற குத்தகைக்காரர் ஓரளவு விலக்கப்பட்டமை இவற்றுள் முதலாவதன் வரலாற்று முக்கியத்துவமாகும்.

3

பனையில் ஆண்மரம் புறக்கணிக்கப்படலாம்; அழிக்கப்படுவதில்லை. ஆண்மரத்தை அழிப்பதே பயிர்த்தொழிலின் மையமாக அமைந்த நிலையைக் கஞ்சாவிற் காண்கிறோம். கஞ்சாச் செடியும் ஆண், பெண் என வேறுபட்டு வளர்வது. மருந்துக்கும் போதைக்கும் காரணமான பிசின் பெண்பூவிலேயே மிகுதி. ஆண்பூவின் மகரந்தம் காற்றிற் பரந்து பெண்பூவைச் சேர்ந்தால் பெண்பூ விதை கட்டும், பிசின் குன்றும், சரக்கின் மதிப்பு வீழும். ஒரு சில ஆண்செடிகள் தப்பினாலும் வயலின் விளைவு முழுவதும் கெடலாம்.

19ஆம் நூற்றாண்டிலே வங்காளத்தின் ராஜ்ஷாகி மாவட்டத்து நவகாவ் பகுதி (இன்று பங்களாதேஷில் உள்ளது) அரசாங்க அனுமதியின் கீழ்க் கஞ்சா பயிரிடப்பட்ட பெருமையமாக இருந்தது. ஹேம் சந்திர கெர் 1877இலும் டேவிட் பிரெயின் 1893இலும் அதுபற்றி அறிக்கைகள் எழுதினர். 1893இல் அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சா மருந்துகள் ஆணைக்குழு 1,193 பேரின் சாட்சியங்களைப் பெற்று 1894இல் அறிக்கை தந்தது. இவ்வறிக்கைகளில் ஒரு தொழிலாளி எமது கவனத்தை ஈர்க்கிறார். பொத்தார் என வழங்கப்பட்ட அவரை ஆங்கிலேயர் கஞ்சா வைத்தியர் என்றனர். விவசாயிகள் கூலி கொடுத்து அவரை அமர்த்துவர். பூ மலருமுன்னரே வரிசை வரிசையாக நடந்து, கணுவிற் தோன்றும் சிறு அரும்பைக் கொண்டே ஆண்செடியை இனங்கண்டு, ஒடித்து வீழ்த்துவது அவர் பணி.

ஒரு வயலின் விளைவும், அதன்மீது அரசு விதித்த தீர்வையும், வியாபாரியின் இலாபமும் இம்மனிதரின் கண்ணிலே தங்கியிருந்தன. எழுத்தில் இல்லாத அவ்வறிவை ஆணைக்குழுவினர் வியப்புடன் பதிந்தனர். ஆனால் அறிவுக்குரியவரின் பெயர்களை அல்ல, வரிக்குரிய சரக்கின் அளவையே கருவூலக் கணக்குகள் பேணின. நவகாவ் விவசாயிகள் 1917இற் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். எமது சீவல்தொழிலாளர் அரை நூற்றாண்டுக்குப் பின் கண்ட வழியே அதுவும்.

பாலறிவு எப்பொழுதும் நேர்வழியிற் சென்றதன்று. ஐரோப்பாவில் நாருக்காக இச்செடியைப் பயிரிட்ட ஆங்கில விவசாயிகள், மெலிந்த ஆண்செடியைப் பெண் எனப் பொருள்தரும் சொல்லின் மரூஉவாகிய 'பிம்பிள்' என்றும், விதை தாங்கும் பருத்த பெண்செடியை ஆண்மகன் எனப் பொருள்படும் 'கார்ல்' என்றும் வழங்கினர். வலியது ஆண், மெலியது பெண் என்ற சமூகக் கருத்து இயற்கையின்மீது ஏற்றப்பட்டமைக்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

4

செடிகளுக்குப் பாலுண்டு என்பதைப் பரிசோதனை வழி நிறுவியவர் ஜெர்மனியின் டுபிங்கன் நகரத்துக் கெமராரியுஸ். 1694இல் வெளியிட்ட கடிதமொன்றில், ஆண்பூவை அகற்றினால் விதை உண்டாகாது என அவர் காட்டினார். ஆனால் கஞ்சாவினச் செடி அவரை மயக்கியது: தனித்து வளர்த்த பெண்செடிகளும் சில விதைகளைத் தந்தன. பெண்செடியும் சில வேளைகளில் ஆண்பூவைத் தோற்றுவிக்கும் என்பதே அப்புதிரின் விடையென இன்று அறிகிறோம்.

அவ்விடையைப் பரிசோதனைக் கட்டுப்பாட்டிற்குள் கொணர்ந்தவர்களுள் டில்லிப் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர் முக்கியமானவர்கள். எச். வை. மோகன் ராமும் ஜெய்ஸ்வாலும் 1970இல் ஆண்செடியிற் பெண்பூவையும், 1972இல் ஜிபரலின் கொண்டு பெண்செடியில் ஆண்பூவையும் தோற்றுவித்தனர். 1982இல் மோகன் ராமும் செத்தும், வெள்ளிச் சேர்மங்களால் பெண்செடியில் வளமான மகரந்தமுடைய ஆண்பூக்களை உண்டாக்கினர். பெண்பூவைத் தூண்டும் எதிலீனின் செயலை வெள்ளி தடுப்பதே இதன் அடிப்படை. பெண்செடியின் மகரந்தம் பெண்ணுக்குரிய நிறப்புரியையே கொண்டிருக்கும். அதனாற் கருவுற்ற விதைகள் அநேகமாக முழுவதும் பெண்ணாகவே முளைக்கும். திருவோத்தூர் அடியார் வேண்டியது, பனைக்கன்றி வேறொரு செடிக்கு, ஆய்வுகூடத்திற் கைகூடிற்று.

1990களின் பிற்பகுதியில் நெதர்லாந்து விதை வணிகர் இவ்விதைகளைச் சந்தைக்குக் கொணர்ந்தனர். இங்கு நிகழ்ந்த மாற்றத்தை நுணுகி நோக்குதல் வேண்டும். பொத்தாரின் கண்ணில் இருந்த அறிவு விதைப்பொதிக்குள் இடம்பெயர்ந்தது. வயலெங்கும் நடந்து ஆண்செடியை ஒடிக்கும் உழைப்பு தேவையற்றதாயிற்று. அதே வேளையில் விதை, பயிரின் விளைவாக இருந்த நிலை மாறி, கடையில் வாங்கும் பண்டமாயிற்று.

எனினும் வரலாறு அத்துடன் நின்றுவிடவில்லை. மேற்கூறிய ஆய்வுகள் பகிரங்கமான ஆய்விதழ்களில் வெளிவந்தவை. ஆதலால் சட்டம் இடங்கொடுக்கும் நாடுகளில் வீட்டுத் தோட்டக்காரர் மகரந்தத்தைத் தாமே சேகரித்து விதையையும் தாமே ஆக்கத் தலைப்பட்டனர். யாழ்ப்பாணத்தவர் பெருந்தொகையாகக் குடியேறிய கனடாவில் 2018ஆம் ஆண்டுச் சட்டம் பல மாகாணங்களில் வீட்டுக்கு நான்கு செடிகளுக்கு இடமளித்தது. இலங்கையிலோ 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தால் அது தடுக்கப்பட்டுள்ளது. அத்தடையின் நன்மை தீமை எமது ஆய்வுப்பொருளன்று. அறிவு பகிரங்கமாக இருக்குமிடத்து வணிகரின் தனியுரிமை தளர்கிறது என்பதே இங்கு நாம் கருதுவது.

5

இது தொலைதூரத்துச் செய்தியன்று. குடாநாட்டு வளவுகளில் வளரும் பப்பாசியை நோக்குவோம். ஒரு குழியில் மூன்று நான்கு கன்று நட்டு, பூத்தபின் ஆணை அகற்றி, மகரந்தத்துக்கெனச் சிலவற்றை விட்டுவைப்பது பழைய முறை. இன்று பரவியுள்ள தைவானின் 'ரெட் லேடி' இனத்தில் ஆண்மரமே தோன்றுவதில்லை. பெண்மரமும் இருபாற்பூ மரமுமே வரும். விவசாயிக்கு இது பெரும் நன்மை. ஆனால் அது கலப்பின விதை. அதன் பழத்திலிருந்து எடுத்த விதை தாயின் பண்பை அப்படியே தராது. எனவே அவர் மீண்டும் விதைக்கடைக்குச் செல்லவேண்டும்.

இதனைக் கொண்டு பழைமையே சிறந்ததென வாதிடுவது எமது நோக்கமன்று. வெயிலில் வரிசை வரிசையாக நடந்த பொத்தாரின் களைப்பையும், தளநாருடன் உயிரைப் பணயம் வைத்து ஏறியவரின் இடர்களையும் அழகெனப் பாடுவது, உழைக்காதவருக்கே இயலும். உழைப்பைக் குறைக்கும் விஞ்ஞானம் வரவேற்கத்தக்கதே. கேள்வி விஞ்ஞானம் பற்றியதன்று, அதன் உடைமை பற்றியது. தொழிலாளியின் அறிவு விதைக்குள் சென்றபின் விதை யாருடையது என்பதே கேள்வி.

பனையோ இன்னும் எவர் பொதிக்குள்ளும் அடங்கவில்லை. போர்க்காலத்திற் பதுங்குகுழிகளுக்காகவும் காவலரண்களுக்காகவும் தறிக்கப்பட்ட பனைகளுக்கு ஈடாக, 2009க்குப் பின் நடப்பட்ட விதைகள் வடலிகளாகி, இப்பொழுதுதான் ஒவ்வொன்றாகத் தம் பாலைக் காட்டத் தொடங்குகின்றன. அவற்றின் பாளையைப் படிக்கவல்லோர் தொகை ஆண்டுதோறும் சுருங்குகிறது. சாதி இழிவு சுமத்தப்பட்ட தொழிலைத் தம் பிள்ளைகள் தொடரலாகாதென அவர்கள் எண்ணுவது முற்றிலும் நியாயமே. இழிவு நீங்கவேண்டும், அறிவு அழியலாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே செய்வதாயின், கைதடிப் பனை ஆராய்ச்சி நிறுவனமும் எமது பல்கலைக்கழகமும் மரமேறுபவரைத் தகவல் தருபவராக மட்டும் நோக்காது, உடனாய்வாளராக ஏற்று, அவர் அறிவின் பயன் அவருக்கே சேர வழிசெய்தல் வேண்டும்.

திருவோத்தூரில் ஆண்பனை பெண்பனையானதைச் சேக்கிழார் பாடினார். ஆண்பனையும் பயன்தரும் என்று அறிந்திருந்தவரின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. அதனை எழுதுவது எமது தலைமுறையின் கடமையாகும்.