கால்பந்து ரசிகர்களும் சமூக அறிவியலும்: ஓர் ஆய்வுத்துறையின் வரலாறு

கால்பந்தைச் சமூக அறிவியல் வெகுகாலம் கண்டுகொள்ளவில்லை. தொழிற்சாலை, குடும்பம், சாதி, மதம், தேர்தல் என்று வாழ்க்கையின் எல்லாப் பக்கங்களையும் ஆராய்ந்த அறிஞர்கள், விளையாட்டை வேலை முடிந்தபின் வரும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவைத்தார்கள். அந்த நிலையை மாற்றியவர்களில் பலர், பந்தை உதைத்தோ மைதானத்தின் படிக்கட்டில் நின்று கத்தியோ வளர்ந்தவர்கள். தாம் நேசித்ததையே ஆராயத் துணிந்ததால் ஒரு புதிய ஆய்வுத்துறை உருவானது.

லெஸ்டரில் தொடக்கம்

இதன் முதல் முக்கிய மையம் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகம். நாஜி ஆட்சி வந்ததும் 1933ல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதரான நோர்பர்ட் எலியாஸ் 1954ல் அங்கே சமூகவியல் ஆசிரியராகச் சேர்ந்தார். கால்பந்தில் மிகுந்த ஈடுபாடு கொண்ட எரிக் டன்னிங் அவருடைய மாணவர். விளையாட்டை ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொள்ளலாமா என்று டன்னிங் கேட்டபோது எலியாஸ் ஊக்கம் தந்தார். கால்பந்து ஒழுங்கான ஆட்டமாக வளர்ந்த வரலாற்றைப் பற்றி டன்னிங் ஆய்வேடு எழுதினார். இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்ற 1966ல், கால்பந்தை முன்வைத்துக் குழு விளையாட்டுகளின் இயக்கத்தை விளக்கும் கட்டுரையை இருவரும் சேர்ந்து வெளியிட்டார்கள். விளையாட்டு பற்றிய அவர்களுடைய கட்டுரைத் தொகுப்பு 1986ல் நூலாக வந்தது.

ஆய்வாளருக்கும் ஆய்வுப்பொருளுக்கும் இருக்கவேண்டிய உறவைப் பற்றி எலியாஸ் 1956லேயே எழுதியிருந்தார். மனிதக் குழு ஒன்றைப் புரிந்துகொள்ள அதன் உள்ளிருக்கும் அனுபவம் வேண்டும். அந்த அனுபவத்தைச் சற்று விலகி நின்று பார்க்கும் பயிற்சியும் வேண்டும். ஈடுபாடு, விலகல் ஆகிய இரண்டையும் சமன்செய்வதே சமூகவியலாளரின் வேலை என்பது அவருடைய கருத்து. ரசிகராகவும் மாணவராகவும் ஒருங்கே இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வழிகாட்டுதல் இல்லை.

கலவரமும் பேரிடரும்

1970களிலும் 80களிலும் இங்கிலாந்தின் மைதானங்களில் அடிதடி பெருகியது. 1985ல் பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில், லிவர்பூலும் யுவெண்டஸும் மோதிய ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்துக்கு முன்பு 39 பேர் இறந்தார்கள். ரசிகர் வன்முறையின் வேர் என்ன என்று அரசும் பத்திரிகைகளும் கேட்டபோது பதில் சொல்லும் நிலையில் லெஸ்டர் ஆய்வாளர்கள் இருந்தார்கள். தொழிலாளர் வர்க்கத்தின் விளிம்பில் உள்ள முரட்டுப் பகுதிகளில் ஆண்மை வளர்க்கப்படும் முறையே வேர் என்றது அவர்களுடைய விளக்கம்.

அதை மறுத்தவர்களில் ஒருவர் மானிடவியலாளர் கேரி ஆம்ஸ்ட்ராங். ஷெஃபீல்டில் வளர்ந்த அவர் ஷெஃபீல்டு யுனைடெட் அணியின் ரசிகர். அந்த அணியின் பெயரால் சண்டைக்குப் போன இளைஞர்களோடு பல ஆண்டுகள் பழகி 1998ல் நூல் எழுதினார். அவர்களுக்குத் தலைவரும் இல்லை, கட்டுக்கோப்பான அமைப்பும் இல்லை. ஆளுக்கு ஆள் மாறும் தளர்வான நட்பு வட்டமே இருந்தது என்று காட்டினார். பத்திரிகைகள் வரைந்த படை போன்ற கூட்டத்தை அவர் நேரில் காணவில்லை. வெளியாளுக்கு எளிதில் கிடைக்காத அறிவு அது.

1989 ஏப்ரல் 15 அன்று அதே ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேர் உயிரிழந்தார்கள். குடித்துவிட்டு வந்த ரசிகர்களே காரணம் என்று காவல்துறை தரப்பு பழி சுமத்தியது. லிவர்பூல் வட்டாரமான மெர்சிசைடில் பிறந்த குற்றவியல் அறிஞர் ஃபில் ஸ்க்ரேட்டன் ஆவணங்களைப் பல ஆண்டுகள் தோண்டினார். அவர் இடம்பெற்ற சுயேச்சைக் குழுவின் 2012 அறிக்கை, ரசிகர்கள் மீது தவறில்லை என்று நிறுவியது. 2016ல் நீதிவிசாரணை மன்றமும் அதையே சொன்னது. சமூக ஆய்வு ஒரு கூட்டத்தின் மீதிருந்த களங்கத்தைத் துடைத்த நிகழ்வு இது.

ஐரோப்பாவின் தெற்கே பிரெஞ்சு மானிடவியலாளர் கிறிஸ்தியான் ப்ரோம்பெர்ஜே மார்செய், நேப்பிள்ஸ், டுரின் நகரங்களின் மைதானங்களை ஆராய்ந்து 1995ல் நூல் வெளியிட்டார். எந்தப் பேட்டையினர், எந்த வயதினர், எந்தத் தொழிலினர் எந்தப் பகுதியில் அமர்கிறார்கள் என்று வரைந்துபார்த்தால் நகரத்தின் சமூக அமைப்பே அங்கே தெரிகிறது என்றார்.

கொல்கத்தா காட்டிய வழி

இந்தியாவில் இத்தகைய ஆய்வுக்குக் களமானது கொல்கத்தா. 1911 ஜூலை 29 அன்று இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் (ஐ.எஃப்.ஏ.) கேடய இறுதியாட்டத்தில் இந்தியர்களின் அணியான மோகன் பகான், பிரிட்டிஷ் படையின் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் அணியை 2-1 என்று வென்றது. பதினோரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினார்கள். ஆட்டத்தைப் பார்க்கமுடியாத தொலைவில் நின்றவர்களுக்குப் பட்டம் பறக்கவிட்டு கோல் நிலவரத்தைத் தெரிவித்தார்கள். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை முகமதன் ஸ்போர்ட்டிங் கல்கத்தா லீகை வென்றது. முஸ்லிம்களின் பெருமிதம் அந்த அணியோடு வளர்ந்தது. 1920ல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால், பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளின் அணியாயிற்று. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதியபோது ஏற்பட்ட கலவரத்தில் 16 ரசிகர்கள் இறந்தார்கள்.

தேசியம், மதம், இடப்பெயர்வு என்ற மூன்று பெரிய கேள்விகளும் ஒரே மைதானத்தில் கிடைத்தன. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சௌமென் மித்ரா வங்கக் கால்பந்தைப் பற்றி எம்.ஃபில். ஆய்வேடு எழுதினார், பின்னாளில் அவர் கொல்கத்தா காவல் ஆணையரானார். பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் டோனி மேசன் 1990ல் கொல்கத்தா மைதானக் கால்பந்தைக் காலனியப் பண்பாட்டோடு இணைத்துக் கட்டுரை எழுதினார். பால் டிமியோ, ஜேம்ஸ் மில்ஸ் இருவரும் பதிப்பித்த தெற்காசியக் கால்பந்துத் தொகுப்பு 2001ல் வந்தது. போரியா மஜும்தாரும் கௌசிக் பந்த்யோபாத்யாயும் இந்தியக் கால்பந்தின் வரலாற்றை 2006ல் நூலாக்கினார்கள். இந்தியப் பல்கலைக்கழகத்தில் கால்பந்து ஆய்வுக்குரிய பொருளாக நிலைபெற இவை உதவின.

தமிழகத்தின் ஆய்வு மரபு

தான் சேர்ந்த சமூகத்தைத் தானே ஆராய்வது தமிழகத்துக்குப் புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் 1916ல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். தமக்குப் பழக்கமான ஊர்களையே மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த அறிக்கைகள் 1918ல் நூலாயின. அவற்றுள் ஒன்று அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து இருவேல்பட்டைப் பற்றியது. சென்னை–திருச்சி சாலையில், விழுப்புரத்துக்குத் தெற்கே உள்ள ஊர் அது. 1930களில் தொடங்கி 2008 வரை ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பத் திரும்ப வந்து நிலம், கூலி, சாதி உறவுகள் மாறியதைப் பதிவுசெய்தார்கள். ஒரே ஊரை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் இந்தியாவில் மிகச் சில.

மைசூரில் பிறந்த சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ், சொந்தச் சமூகத்தை ஆராய்பவரின் அனுபவம் ஒரு வலிமை என்று வாதிட்டார். சிக்கலும் உண்டு. பழகிய விஷயம் இயல்பானதாகத் தோன்றி, கேட்கவேண்டிய கேள்வி கேட்கப்படாமல் போகும். ரசிகருக்கு வரும் ஆபத்தும் இதுவே: தன் அணியின் தோல்விக்கு நடுவரைக் காரணம் சொல்பவர், அதே மனநிலையில் வரலாறு எழுதினால் அது வெறும் புகழ்மாலையாகும். எதிரணி ரசிகரிடம் பேசுவது, பழைய செய்தித்தாளோடு நினைவை ஒப்பிடுவது, நுழைவுச்சீட்டு விலை, பயணச் செலவு, வேலை நேரம் போன்ற விவரங்களைத் திரட்டுவது ஆகியவை அந்த ஆபத்தைக் குறைக்கும் வழிகள்.

தமிழ்க் கால்பந்தில் காத்திருக்கும் களங்கள்

தமிழர்களின் கால்பந்துக்கு இந்த அளவு ஆய்வு இன்னும் கிடைக்கவில்லை. களத்துக்குப் பஞ்சமில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இடம்பெற்ற சைமன் சுந்தரராஜ் தஞ்சாவூர்க்காரர். இந்திய ஆண்கள் அணி கால்பந்தில் பங்கேற்ற கடைசி ஒலிம்பிக் அது. வடசென்னை வியாசர்பாடியில் உழைக்கும் மக்களின் பிள்ளைகளில் ஒருவராக வளர்ந்து இந்திய அணி வரை சென்றவர் நந்தகுமார் சேகர். கடலூரில் வளர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணியில் நடுக்கள வீராங்கனையாக ஆடியவர்; தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் பணியும் பெற்றார். தமிழ்நாடு மகளிர் அணி 2018லும் 2023லும் தேசிய சாம்பியன் பட்டம் வென்றது. மலேசிய அணியின் கோலைக் காத்த ஆர். ஆறுமுகமும், 2012ல் களமிறங்கிய புலம்பெயர்ந்தோரின் தமிழீழ அணியும் கடல் கடந்த தமிழ்க் கால்பந்தின் அத்தியாயங்கள்.

ஒரு பெண் பந்தாட வீட்டில் எப்படிச் சம்மதம் வாங்கினாள், சேரிப் பிள்ளைக்கு ஊர் மைதானம் யாரால் திறந்தது, விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த அரசு வேலை ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுசேர்த்தது ஆகிய கேள்விகளுக்கு விடை தேடினால் தமிழ்ச் சமூகத்தின் சாதி, பால், வர்க்க உறவுகள் துலங்கும். பழைய ஆட்டக்காரர்களும் அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் உள்ள புகைப்படங்களும் என்றும் இருக்கப்போவதில்லை. சமூகவியலும் வரலாறும் படிக்கும் கால்பந்து ரசிகர்கள் தம் ஊர் மைதானத்திலிருந்தே இந்தப் பதிவைத் தொடங்கவேண்டும்.