‘உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்!’ - ‘பிச்சை’ங்கிற பேருக்குப் பின்னாடி இப்படி ஒரு கதையா?

சின்ன வயசுல அண்ணன், அக்காவோட சண்டை போட்டப்போ, “நீ எங்க வீட்டுப் பிள்ளையே இல்ல, உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்”னு கலாய்ச்சிருக்காங்களா? அதை நிஜம்னு நம்பி, கதவுக்குப் பின்னாடி போய் அழுதிருக்கீங்களா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஏன்னா, நிஜமாவே தவிடு கொடுத்துப் பிள்ளை வாங்குற ஊர் ஒண்ணு புதுக்கோட்டை மாவட்டத்துல இருக்கு.

திருச்சியில இருந்து மதுரைக்குப் போற நெடுஞ்சாலையில வரும் விராலிமலைதான் அந்த ஊர். மலை மேல முருகன் கோயில். அருணகிரிநாதர் பாடின தலம். மயில்களுக்கும், சாமிக்குச் சுருட்டு படைக்கிற வழக்கத்துக்கும் பேர் போன இடம். குழந்தை வேணும்னு இங்கே வேண்டிக்கிறவங்க, பிள்ளை பிறந்ததும் கோயிலுக்குத் தூக்கிட்டு வந்து முருகன்கிட்டயே ஒப்படைச்சிடுவாங்க. அப்புறம் அந்தக் குழந்தையோட தாய்மாமனோ, சித்தப்பாவோ சாமிக்குத் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்குவாங்க. இப்படி வாங்கின பிள்ளை நோய்நொடி இல்லாம வளரும்ங்கிறது நம்பிக்கை.

மாட்டுக்குப் போடுற தவிட்டுக்கு ஈடா ஒரு பிள்ளையா? இந்தக் கேள்விக்கான பதில்லதான் நம்ம தாத்தா காலத்துப் பேர் ஒண்ணோட ரகசியமும் இருக்கு. அந்தப் பேர், ‘பிச்சை’.

ஒரு பார்வையில் ‘பிச்சை’

யாருக்கு வைப்பாங்க: பெரும்பாலும் ஆண் குழந்தைக்கு.
வேர்ச்சொல்: ‘பிக்ஷா’ங்கிற வடசொல். தமிழ்ல ‘பிச்சை’.
நேர்ப் பொருள்: யாசகம், கேட்டுப் பெற்றது.
பெயரா வரும்போது: கடவுள்கிட்ட கையேந்தி வாங்கின பிள்ளை.
கூட்டுப் பெயர்கள்: பிச்சைமுத்து, பிச்சைக்கண்ணு, பிச்சையா, பிச்சைக்கனி, பிச்சைமணி.
பெண்பால்: பிச்சையம்மாள், பிச்சம்மாள்.

இந்தப் பேரை ஒரு மதத்துக்கோ ஒரு சாதிக்கோ சொந்தம்னு சொல்ல முடியாது. இந்துக் குடும்பங்கள்லயும் இருக்கு, கிறிஸ்தவக் குடும்பங்கள்லயும் இருக்கு. தமிழ் முஸ்லிம்கள்கிட்ட இருக்கிற ‘பக்கீர்’ங்கிற பேருக்கு அரபு மொழியில ‘ஏழை’ன்னு அர்த்தம். கிட்டத்தட்ட பிச்சையோட ஒண்ணுவிட்ட தம்பி!

சிவபெருமானுக்கே பிச்சாடனர், பிச்சாண்டார்னு பேர் உண்டு. கபாலம் ஏந்தி யாசகம் கேட்டு வர்ற கோலம் அது. திருச்சி பக்கத்துல பிச்சாண்டார்கோவில்னு ஓர் ஊரே இருக்கு. அதனால, ‘பிச்சை’ன்னு பேர் வச்சா அது சாமி பேராவும் ஆச்சு.

ஏன் இப்படிப் பேர் வச்சாங்க?

உங்க பாட்டியோட அம்மா காலத்துக்குப் போய்ப் பாருங்க. பெரியம்மை, காலரா, வயித்துப்போக்கு, பிரசவத்துல அழுக்குக் கத்தியால தொப்புள்கொடி அறுத்து வர்ற ரணஜன்னி... ஒரு குழந்தை பிழைச்சு நடக்குறதே பெரிய விஷயம். ஒரே வீட்டுல ரெண்டு, மூணு குழந்தைகள் அடுத்தடுத்துத் தவறிப்போகும். தடுப்பூசி எல்லாருக்கும் கிடைக்காது, பக்கத்துல ஆஸ்பத்திரி கிடையாது. அடுத்த குழந்தை பிறந்ததும், அதைக் காப்பாத்த பெத்தவங்க கையில இருந்த ஒரே ஆயுதம் பேர்தான்.

அதுல மூணு வழி இருந்துச்சு.

முதல் வழி, மறைக்கிறது. ‘தங்கம்’, ‘ராஜா’ன்னு கூப்பிட்டா கண்ணு பட்டுடும், எமனுக்கும் ஆசை வந்துடும். அதனால குழந்தையைக் குப்பைமேட்டுல ஒரு நிமிஷம் போட்டு எடுத்து, ‘குப்பை’ன்னு பேர் வச்சாங்க. குப்பன், குப்புசாமி, குப்பம்மாள் எல்லாம் இந்த வழியில வந்த பேர்கள்தான். யாருக்கும் வேண்டாத பொருளை எமன் மட்டும் ஏன் தூக்கிட்டுப் போகப் போறான்?

ரெண்டாவது வழி, கை மாத்துறது. ‘எங்க கைக்குப் பிள்ளை தங்கலை. அதனால இது எங்க பிள்ளையே இல்ல. சாமி பிள்ளை. நாங்க தவிட்டுக்கு வாங்கினோம், இல்லைன்னா பிச்சையா வாங்கினோம்’னு ஊரறியச் சொல்றது. கோயில் வாசல்ல முந்தானையை விரிச்சு மடிப்பிச்சை கேட்குறதும், நாலு வீட்டுல அரிசி வாங்கிப் பிள்ளைக்குப் பொங்கிப் போடுறதும் இதோட சேர்ந்ததுதான். விராலிமலைத் தவிட்டோட கணக்கும் இதுதான். அங்கே பிள்ளைக்கு விலை பேசலை, பிள்ளையோட சொந்தக்காரரை மாத்துறாங்க. 

மூணாவது வழி, அடையாளம் போடுறது. ஆண் குழந்தைக்கு மூக்குக் குத்தி, ‘மூக்கன்’, ‘மூக்கையா’ன்னு கூப்பிடுறது.

இப்போ அந்தத் ‘தவிட்டு’க் கிண்டலைத் திரும்ப யோசிச்சுப் பாருங்க. நம்மளை அழவச்ச அந்த வரி, ஒரு காலத்துல பிள்ளையைக் காப்பாத்தச் சொன்ன பொய்.

நைஜீரியாவிலும் ஒரு ‘பிச்சை’

இதெல்லாம் நம்ம ஊர்ல மட்டும்தான்னு நினைச்சுடாதீங்க. வங்காளத்துல ‘தீன்கோரி’ன்னு ஒரு பேர் உண்டு. மூணு சோழின்னு அர்த்தம். மூணு சோழிக்கு வாங்கின பிள்ளையாம்! நம்ம தவிட்டுக் கணக்கேதான்.

கடல் தாண்டிப் போனா, மேற்கு ஆப்பிரிக்காவுல நைஜீரியாவின் யோருபா மக்கள்கிட்ட இதுக்கு ஒரு தனிச் சொல்லே இருக்கு. ‘அபிகு’. சாகுறதுக்குன்னே பிறக்குற குழந்தைன்னு பொருள். ஒரே குழந்தைதான் அந்தத் தாய்கிட்டத் திரும்பத் திரும்பப் பிறந்து, திரும்பத் திரும்பப் போயிடுதுன்னு நம்பினாங்க. அதனால அங்கே வச்ச பேர்களைப் பாருங்க.

‘மாலோமோ’ - இனிமே போகாதே.
‘கோகுமோ’ - இனிமே சாகாது.
‘பஞ்சோகோ’ - என்னோட உட்காரு.
‘துரோஜாயே’ - இருந்து வாழ்க்கையை அனுபவி.
‘கோசோகோ’ - குழி தோண்ட மண்வெட்டி இல்லை.
‘துரோசின்மி’ - இருந்து என்னைப் புதை.

கடைசிப் பேரை இன்னொரு முறை படிங்க. ‘நான் உன்னைப் புதைக்கக் கூடாது, நீதான் என்னைப் புதைக்கணும்’னு ஒரு தாய், பிறந்த குழந்தைகிட்டக் கேட்குறது அது. ‘கோசோகோ’ங்கிற பேர்ல லாகோஸை 1845-ல இருந்து 1851 வரை ஒரு மன்னரே ஆண்டிருக்கார்.

ஒரு வித்தியாசத்தைக் கவனிச்சீங்களா? நம்ம ஊர்ப் பேர் எமனை ஏமாத்தப் பார்க்குது. யோருபா பேர் குழந்தைகிட்டயே நேரடியா கெஞ்சுது. இந்த ‘அபிகு’ மரணங்கள் பலதுக்கு, நைஜீரியாவுல அதிகமா இருக்குற அரிவாள் செல் ரத்தச்சோகை காரணமா இருந்திருக்கலாம்னு ஆய்வாளர்கள் கருதுறாங்க. அது பரம்பரை நோய்ங்கிறதால ஒரே வீட்டுல அடுத்தடுத்து வரும். தாய் கண்ணுக்கு, போன பிள்ளையே திரும்ப வந்த மாதிரித்தானே தெரியும்?

எல்லாப் பேரும் அன்புல வச்சது இல்லை

இதையும் சொல்லியாகணும். பெத்தவங்க தானே விரும்பி வச்ச ‘குப்பை’ வேற, ‘உனக்கெல்லாம் நல்ல பேரா?’ன்னு ஆதிக்கச் சாதிக்காரங்க திணிச்ச பேர் வேற. ஒடுக்கப்பட்ட மக்கள் நல்ல பேர் வச்சுக்கிறதையே குத்தமா பார்த்த காலம் இந்த மண்ணுல இருந்துச்சு. அப்படி வந்த பேரைத் தூக்கிப் போட்டவங்களோட கோபம் நியாயமானது. அதனால ஒரு பேரை மட்டும் வச்சு, இது பாசமா, அவமானமான்னு வெளியில இருந்து நாம தீர்ப்பு சொல்ல முடியாது. அந்த வீட்டுக் கதையைக் கேட்கணும்.

‘பிச்சை’ இப்போ எங்கே?

ஒரு சின்ன வேலை செஞ்சு பாருங்க. தேர்தல் ஆணைய இணையதளத்துல உங்க வாக்குச்சாவடியோட வாக்காளர் பட்டியல் கிடைக்கும். அதுல பிச்சை, குப்பன், மூக்கன்னு தேடி, பக்கத்துல இருக்குற வயசைப் பாருங்க. அப்படியே உங்க தெருவுல இந்த வருஷம் பிறந்த குழந்தைகளோட பேரையும் கேட்டுப் பாருங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சாலே விஷயம் புரிஞ்சிடும்.

பேர் குறைஞ்சாலும் காணாமப் போயிடலை. அப்பா பேரை நாம இனிஷியலா வச்சுக்கிறோம்ல? பாஸ்போர்ட் எடுக்கும்போது அது பல பேருக்கு ‘சர்நேம்’ கட்டத்துல போய் உட்கார்ந்துக்குது. அதனால வெளிநாட்டு ஆபீஸ்கள்ல ‘மிஸ்டர் பிச்சை’, ‘மிஸ்டர் குப்புசாமி’ன்னு கூப்பிடுறது நம்மளைத்தான். உலகத்துக்கே தெரிஞ்ச உதாரணம், மதுரையில 1972-ல பிறந்த பிச்சை சுந்தரராஜன். 2015-ல கூகுள் தலைமைப் பொறுப்புக்கு வந்த சுந்தர் பிச்சைதான் அவர். ‘பிச்சை’ அவரோட அப்பா பேர். இலக்கியப் பக்கம் போனா, தமிழ்ப் புதுக்கவிதையின் முன்னோடி ந.பிச்சமூர்த்தி இருக்கார். ‘பிக்ஷு’ங்கிற புனைபெயர்லயும் எழுதினவர்.

பேரை மாத்தணுமா?

காலேஜ்ல அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது யாராவது சிரிச்சிருந்தா, மாத்தணும்னு தோணுறது சகஜம்தான். உங்க பேரை மாத்த சட்டப்படி வழி இருக்கு. தமிழ்நாடு அரசின் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு விண்ணப்பிச்சு, அரசிதழ்ல வெளியிடணும். அந்த அரசிதழை வச்சு ஆதார், பான், வங்கிக் கணக்குன்னு ஒவ்வொண்ணா மாத்திக்கலாம். 18 வயசு ஆகலைன்னா பெத்தவங்கதான் விண்ணப்பிக்கணும்.

ஆனா, அதுக்கு முன்னாடி ஒரு நாள் வீட்டுல பெரியவங்ககிட்ட உட்கார்ந்து, “இந்தப் பேரை ஏன் வச்சாங்க?”ன்னு கேளுங்க. “எனக்கு முன்னாடி ரெண்டு பேர் இருந்தாங்கப்பா”ன்னு ஒரு பதில் வரலாம். போட்டோவோ, பிறப்புச் சான்றிதழோ இல்லாம போன அந்தக் குழந்தைகளைப் பத்தி மிச்சம் இருக்குற ஒரே பதிவு, பிழைச்சு வந்தவரோட பேராத்தான் இருக்கும்.

இந்தப் பேர் ஏன் அரிதாச்சு?

ஸ்டைலான பேர்கள் வந்தது ஒரு காரணம்தான். இன்னொரு காரணம் இதைவிடப் பெருசு. 1971-ல இந்தியாவுல பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைக்கும் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கலை. கிட்டத்தட்ட எட்டுக்கு ஒண்ணு. 2020-ல அது 28 ஆகக் குறைஞ்சது. தமிழ்நாட்டுல 13. எமனை ஏமாத்த வேண்டிய கட்டாயம் குறையக் குறைய, அதுக்காக வச்ச பேரும் குறைஞ்சது. ஒரு பேர் அரிதாகுறதுல சந்தோஷப்படலாம்னா, அது இதுக்குத்தான்.

அந்த 13-ம் குறையணும். இன்னிக்கு நம்ம ஊர்ல கர்ப்பிணிகள் ஆரம்ப சுகாதார நிலையத்துல பதிவு செஞ்சு வாங்குற மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு யார் பேர் வச்சிருக்காங்க தெரியுமா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல அவர் பிறந்த ஊர், புதுக்கோட்டை!