பழ ஈயும் என் அண்ணனும்

போன வாரம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருக்கு 81 வயது. இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதி. காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டே, "இனிமே கட்டுப்பாடா இருந்து என்னடா ஆகப்போகுது? எல்லாம் முப்பது வயசுல இருந்திருக்கணும்" என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மேசையில் கனிந்துபோன பூவன் சீப்பைச் சுற்றிப் பொடி ஈக்கள் பறந்துகொண்டிருந்தன. பதில் அந்த ஈக்களிடம் இருக்கிறது என்பது வீடு திரும்பிய பிறகுதான் உறைத்தது.

முப்பத்திரண்டு வருஷம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் நான். அந்தப் பொடி ஈதான் டிரோசோபிலா. ரவை, வெல்லம், அகர் மூன்றையும் உப்புமா மாதிரி கிளறி, மேலே ஈஸ்ட் தூவி, பாட்டிலைப் பஞ்சால் அடைத்து வளர்ப்போம். பத்துப் பன்னிரண்டு நாளில் முட்டை ஈயாகிவிடும். அதன்பின் இரண்டு மாதம் இருந்தால் நல்ல ஆயுள். ஒரு மாணவன் விளையாட்டாக ஒரு பாட்டிலை ஜன்னலோரத்திலும் இன்னொன்றை மண்பானைக்குப் பக்கத்திலும் வைத்தான். பானைப் பக்கத்து ஈக்கள் கூடுதல் நாள் இருந்தன. "சார், ஆயுளை நீட்டிட்டேன்!" என்று ஓடிவந்தான். "உனக்கு முன்னாலேயே ரெண்டு பேர் நீட்டிட்டாங்கப்பா" என்றேன்.

அந்த இருவர், நியூயார்க் ராக்பெல்லர் ஆய்வுக்கூடத்தின் ஜாக் லோபும் ஜான் நார்த்ராப்பும். 1916, 1917 வாக்கில் அவர்கள் ஈக்களைப் பல வெப்பநிலைகளில் வளர்த்துப் பார்த்தார்கள். சூடு குறையக் குறைய ஆயுள் பல மடங்கு நீண்டது. அடுத்து, பால்டிமோரில் ரேமண்ட் பேர்ல், ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்காரர் மாதிரி ஆயிரக்கணக்கான ஈக்களின் சாவுக் கணக்கை அட்டவணை போட்டார். வேகமாக வாழ்ந்தால் சீக்கிரம் முடியும் என்பது 1928ல் அவர் எழுதிய புத்தகத்தின் சாரம். என் அண்ணன் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்: செலவழித்தது செலவழித்ததுதான்.

ஆனால் கணக்கு அவ்வளவு எளிதாக இல்லை. நம் நாட்டுக்கு வந்து குடியுரிமை பெற்று, 1964ல் புவனேஸ்வரில் காலமானாரே ஹால்டேன், அவருடைய மாணவர் ஜான் மேனார்ட் ஸ்மித். முதலில் விமானப் பொறியாளர். போருக்குப் பிறகு உயிரியல் படிக்க வந்தவர். முட்டையிடாத பெண் ஈக்கள், முட்டையிடுபவற்றைவிட அதிக நாள் வாழ்வதை 1958ல் அவர் காட்டினார். பிள்ளை பெறுவதற்கும் ஆயுளுக்கும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது என்று தெரிந்தது.

அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனவர் மைக்கேல் ரோஸ். 1970களின் கடைசியில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கியவர். மருந்து, மாத்திரை எதுவும் அவர் கொடுக்கவில்லை. இளம் ஈக்கள் இட்ட முட்டைகளை ஒதுக்கிவிட்டு, வயதான ஈக்கள் இட்ட முட்டைகளிலிருந்து மட்டும் அடுத்த தலைமுறையை வளர்த்தார். முதுமை வரை தாக்குப்பிடித்தவைதான் வம்சம் வளர்க்க முடியும் என்றானது. தலைமுறைகள் போகப்போக ஆயுள் நீண்டது. 1984ல் அவர் முடிவை வெளியிட்டார். அதே ஆண்டு டெட்ராய்டில் லக்கின்பில் குழுவினரும் அதே முடிவைச் சொன்னார்கள். இதிலும் ஒரு விலை இருந்தது: நீண்ட ஆயுள் ஈக்கள் இளமையில் குறைவாகவே முட்டையிட்டன.

இதுவரை சொன்னதெல்லாம் இளமையிலோ, பிறப்பதற்கு முன்னாலோ தீர்மானமான விஷயங்கள். நம் வயதுக்காரர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. எனக்கு ஞாபகம் வந்த சோதனை வேறு.

2003ல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் லிண்டா பார்ட்ரிட்ஜ் குழுவினர் செய்தது அது. சில ஈக்களுக்கு ஆரம்பத்திலிருந்தே அளவான சாப்பாடு. சிலவற்றுக்கு நிறையச் சாப்பாடு. அளவாகச் சாப்பிட்டவை அதிக நாள் வாழ்ந்தன. இது பழைய செய்தி. பிறகு, நிறையச் சாப்பிட்டுவந்த சிலவற்றை நடுவயதில் அளவான சாப்பாட்டுக்கு மாற்றினார்கள். இரண்டே நாளில் அவற்றின் இறப்பு விகிதம், பிறந்ததிலிருந்து அளவோடு இருந்தவற்றின் அளவுக்கு இறங்கிவிட்டது. பழைய தீனிக்கணக்கை உடம்பு சுமக்கவில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: அளவை விட்டு நிறையச் சாப்பிட ஆரம்பித்தவை, அதே இரண்டு நாளில் பழைய ஆபத்துக்குப் போய்விட்டன. சூட்டைக் கூட்டிக் குறைத்தபோது மட்டும் அப்படி நடக்கவில்லை. பட்ட சூட்டின் வடு கூடவே வந்தது.

ஈயைப் பார்த்து மனிதன் பட்டினி கிடக்கக் கூடாது. அதுவும் எழுபதுக்கு மேல், டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைப்பது ஆபத்து. ஈயின் இரண்டு நாள் நமக்கு எத்தனை நாள் என்று கணக்குப் போடவும் முடியாது. ஆனால் 'காலம் கடந்துவிட்டது' என்பது எல்லா விஷயத்துக்கும் பொருந்தும் சட்டம் இல்லை என்று அந்த ஈக்கள் காட்டிவிட்டன.

ராத்திரியே அண்ணனுக்குப் போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏண்டா, என்னை ஈயோட சேர்த்துட்டியா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார்.

நேற்று அண்ணி பேசினார்கள். "என்ன சொன்னீங்க தம்பி உங்க அண்ணன்கிட்ட? ரெண்டு நாளா காபிக்குச் சர்க்கரை வேண்டாங்கறார். டாக்டர்கிட்டயும் தேதி வாங்கச் சொல்லியிருக்கார்."