ஒரே ‘அ’, ஆளுக்கொரு நம்பர்

பைத்தானா ஜாவாவான்னு எவ்வளவு சண்டை போட்டாலும், ரெண்டு பக்கத்து கோடும் ஓடிக்கிட்டுதான் இருக்கும். நம்ம ஊர் ப்ரோகிராமர்கள் போட்ட இன்னொரு சண்டை அப்படி இல்ல: கம்ப்யூட்டருக்குள்ள தமிழ் எழுத்துக்கு என்ன நம்பர்?

அன்னைக்கு மொத்தம் 256 இடம். பாதி இங்கிலீஷுக்கு. மிச்சம் 128-ல 247 எழுத்தை எப்படி அடுக்குறது? 1990-கள்ல ஆளாளுக்கு ஒரு விடை வச்சிருந்தாங்க. ஏற்காட்டுல அடிச்ச கடிதத்தை மலை இறங்கி சேலத்துல திறந்தா, அதே ஃபான்ட் இல்லைன்னா வெறும் கிறுக்கல்தான்.

பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல்லயே விவாதிச்சு ‘திஸ்கி’யை உருவாக்கினாங்க. 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு. அதையொட்டி தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’னு வேற ரெண்டைத் தரமாக்குச்சு. ரெண்டு தரப்புலயும் கெட்டிக்காரங்க இருந்தாங்க. அதனாலதான் யாரும் விட்டுக்கொடுக்கலைன்னு எனக்குத் தோணுது.

கடைசியில நிலைச்சது, 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்த யூனிகோடு. 2010-ல அரசும் அதை ஏத்துக்கிச்சு (கூடவே டேஸ்16-ன்னு இன்னொண்ணு, விடுங்க).

அந்த மாநாட்டுல இருந்து வந்த தமிழ்99 கீபோர்டு இன்னைக்கும் போன்ல இருக்கு. அப்போ டைப் பண்ணின எத்தனையோ ஃபைல்கள் மட்டும், யாராவது கன்வெர்ட் பண்ணுவாங்கன்னு பழைய சிடியில கிடக்கு.